சோளமாவு என்று எழுதியது

1

2025 ஜூலை 12, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். வழக்கம்போல முதலில் பின்கதவைத் திறந்து, வீட்டைச் சுற்றிக் கிடக்கும் துளைக்குழாயில் தண்ணீரைத் திறந்துவிட்டேன். இதைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். டெக்சஸில் நாங்கள் இருக்கும் இந்தச் சிற்றூர் மண்ணும் கரிசல்தான். கோடையில் சுருங்கி வெடித்து வீட்டின் அஸ்திவாரத்தையே பிளந்துவிடும். அதனால் செடிக்கு ஊற்றுவதுபோல வீட்டுக்கும் தண்ணீர் ஊற்றுகிறோம். வந்த புதிதில் இதைத் தொலைபேசியில் சொன்னபோது அப்பா, “மழை பெய்யாம ஆடு சாகக் கண்டிருக்கேன். வீடு சாகுமாட்டி?” என்றார்.

காப்பி போட்டேன். கணவர் வேலையாக வெளியூரில்; மாதத்தில் மூன்று வாரம் அப்படித்தான். பதினேழு வயது மகள் அனு, எனக்குப் பதிலாக ஊருக்குப் போயிருந்தாள். சாப்பாட்டு மேசையில் கைப்பேசியை நீர்க்குவளைமேல் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே அப்போது மாலை. அப்பா இறந்து ஓராண்டு ஆகிறது; வெளிச்சம் இருக்கும்போதே படையல்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெற்றவருக்கு முதல் ஆண்டு படைக்கும்போது ஒவ்வொரு பிள்ளை வீட்டுப் பண்டமும் இலையில் ஒன்றாவது விழ வேண்டும். கடையில் வாங்கியது ஆகாது. முன்னமே செய்து எடுத்துப் போனதும் ஆகாது. அந்த வீட்டில் வழக்கமாகச் செய்வதை அன்றைக்கே அடுப்பேற்றிச் செய்ய வேண்டும். அப்பாவுக்கு அண்ணனும் நானும் இரண்டே பிள்ளைகள். என் பண்டத்தை அனு செய்ய வேண்டும். பாசிப்பருப்புப் பாயசம் என்று முடிவு செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளைப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

2

நான் ஏன் போகவில்லை என்று ஊரில் கேட்பவர்களுக்கு இந்தப் பதிலை எத்தனை முறை சொன்னாலும் விளங்குவதில்லை. சொல்லும்போது எனக்கே பொய் சொல்வதுபோல இருக்கிறது. வேலை விசாவில் இருப்பவர் ஊருக்குப் போய்விட்டுத் திரும்ப, கடவுச்சீட்டில் புது முத்திரை வேண்டும். முத்திரைக்கு நேர்காணல் வேண்டும். நேர்காணலுக்குத் தேதி வேண்டும். தேதி இல்லை. போன வருடம் அப்பா இறந்த அன்று காலையிலும் கணினித் திரையில் அதே சாம்பல் நிறக் கட்டங்கள்தான் இருந்தன. போயிருந்தால் எப்போது திரும்புவேன் என்று தெரியாது, வேலையும் போயிருக்கும். நான் போகவில்லை. அண்ணன் தோளுக்கு மேலாக யாரோ பிடித்துக்கொண்டிருந்த கைப்பேசியில், ஆடி ஆடி, அப்பா போவதைப் பார்த்தேன்.

அனு இங்கே பிறந்தவள். அவளுக்கு என் ஊருக்குப் போக விசா வேண்டும். எனக்கு அவள் இருக்கும் வீட்டுக்குத் திரும்பி வர விசா வேண்டும். அவளுடைய விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். பயண நோக்கம் என்ற இடத்தில், இறந்துபோனவரைப் பார்க்கப் போகிறவர்களுக்கென்று ஒரு கட்டம் இல்லை. ‘உறவினரைப் பார்க்க’ என்பதில் குறியிட்டேன்.

3

பயணச்சீட்டு எடுத்ததும் மதினி கூப்பிட்டாள். அண்ணன் மனைவி, பெயர் பேச்சியம்மாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். அப்பாவின் கடைசி இரண்டு வருடம் அவருக்குக் குளிப்பாட்டியதும் ஊட்டியதும் அவள்தான்.

“ஏட்டி முத்து, பிள்ள என்ன திங்கும்?”

“எல்லாம் சாப்பிடுவா மதினி.”

“எல்லாந் திங்கும்னா ஒண்ணுந் திங்காதுன்னு அர்த்தம். நாலு வருசத்துக்கு முன்ன வந்தப்ப வாழப்பழத்தத் தின்னே பத்து நாள ஓட்டிட்டுப் போனா. ஒங்க அண்ணன் தாரு தாரா வாங்கிச் சொமந்தாவ. இந்தத் தடவ மூணு வாரம்லா. பிள்ளைக்குப் பிடிச்சத எப்படிச் செய்யணும்னு எழுதி அனுப்பு. செஞ்சு வைக்கேன்.”

அன்று மாலை அனுவிடம் கேட்டேன், உனக்கு ரொம்பப் பிடித்த வீட்டுச் சாப்பாடு என்னென்ன என்று. அவள் யோசிக்கவேயில்லை.

“ரூத்தோட கார்ன்பிரெட். லின் ஆன்ட்டியோட தக்காளி முட்டை.”

பேனாவைப் பிடித்தபடி மூன்றாவதுக்குக் காத்திருந்தேன். அவள் பல்லில் கிளிப் மாட்டிக்கொண்டு படுக்கப் போய்விட்டாள்.

ரூத் எங்களுக்கு வலப்பக்கத்து வீடு. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். லின் எதிர்வீடு; சீனாவின் வட பகுதியிலிருந்து வந்து, தையல் வேலை செய்பவர். நான் மருத்துவமனை மருந்தகத்தில் இருக்கிறேன். பல வருடங்கள் எனக்கு மாலைப் பணி. அனு நாலு வயதிலிருந்து பள்ளி விட்டு வந்ததும் ஒருநாள் ரூத் வீட்டில், ஒருநாள் லின் வீட்டில் இருப்பாள். சாப்பாடு மட்டும் நான் கொடுத்துவிடுவதாகத்தான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமையே சமைத்து, டப்பாக்களில் போட்டு, இன்ன கிழமை, இன்ன குழம்பு, இன்ன தேதிக்குள் என்று சீட்டு ஒட்டி உறைபெட்டியில் அடுக்கிவிடுவேன். பையில் ஒன்றை எடுத்து வைப்பேன். டப்பா கழுவிக் காலியாகத் திரும்பி வரும். பிள்ளை சாப்பிடுகிறாள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் அடுக்குகிறேன்.

4

ஆகவே ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தராசோடு அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போனேன், என் மகள் என்ன சாப்பிடுவாள் என்று கேட்க.

ரூத் அளந்து சமைப்பவர் இல்லை. அவர் அள்ளியதையெல்லாம் நான் நடுவில் மறித்துத் தராசில் வைத்து எழுதிக்கொண்டேன். மஞ்சள் நிறத்தில் ரவைபோல இருந்த மாவு இரண்டு கோப்பை. உப்பு ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா ஒரு தேக்கரண்டி. முட்டை இரண்டு. மோர் இரண்டு கோப்பை. நம் மோர் இல்லை, புளித்த தயிரைக் கொஞ்சம் தளர்த்தினால் வருவது. கனத்த இரும்புச் சட்டியில் வெண்ணெய் போட்டு, புகைய விடாமல், ஆனால் நன்றாகச் சுட வைத்து, கரைத்ததை ஊற்றியதும் ‘சொய்ங்’ என்று சத்தம் வர வேண்டும். சத்தம் வராவிட்டால் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டுமாம். பிறகு அடுப்புப் பெட்டிக்குள் வைத்து, ஓரம் சிவக்கும்வரை. சர்க்கரை எவ்வளவு என்று கேட்டேன். ரூத் முகம் மாறிவிட்டது. சர்க்கரை போட்டால் அது கேக், ரொட்டி இல்லை என்றார். அனு ஆறு வயதில் இந்தச் சத்தத்தைக் கேட்கவே நாற்காலி போட்டு ஏறி நிற்பாள் என்றும் சொன்னார். எனக்குத் தெரியாது.

லின் வீட்டில் அடுப்பில் இருந்த வாணலி அச்சு அசல் நம் சீனிச்சட்டி. ஊரில் அதை அப்படிச் சொல்வது சீனாவை வைத்துத்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. நாலு முட்டையை அடித்து, சூடான எண்ணெயில் ஊற்றிப் பொங்கியதும், முழுக்க வேகுமுன் எடுத்துவிட வேண்டும். அதே சட்டியில் மூன்று பழுத்த தக்காளி, உப்பு, ஒரு கரண்டி சீனி. தக்காளி உடைந்து சாறு விட்டதும், வெள்ளை மாவு ஒரு தேக்கரண்டியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் சாறு பளபளவென்று கெட்டியாகும். முட்டையைத் திரும்பப் போட்டு, வெங்காயத்தாள் தூவிச் சோற்றின் மேல் கொட்ட வேண்டும். இவ்வளவுதான். ஊர்ச் சமையலில் தாளிக்கவே இந்த நேரம் ஆகும்.

நான் கிளம்பும்போது லின் வாசல்வரை வந்தார். உன் புளிப்பு சூப் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதை நீ எனக்கு எழுதிக் கொடு என்றார். எந்த சூப் என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை டப்பாவில் வருமே, முருங்கைக்காய் போட்டது, அதுதான் என்றார். அத்தனை வருடமும் செவ்வாய்க்கிழமை சாம்பாரைச் சாப்பிட்டது லின். டப்பாவைக் கழுவிக் கொடுத்ததும் அவர்தான். ரூத் வீட்டு டப்பாக்களைப் பற்றி நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு குறிப்பையும் தமிழில், கிராம் கணக்கோடு எழுதி, ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து மதினிக்கு அனுப்பினேன்.

5

அனு போன நாலாம் நாள் மதினி கூப்பிட்டாள். குரலில் சிரிப்பும் கோபமும் கலந்திருந்தது.

“என்னட்டி எழுதி அனுப்பியிருக்க? முட்டையில சோளமாவக் கரைச்சு ஊத்துன்னு எழுதியிருக்கேல்லா. ஊத்துனேன். பளபளப்பு வரலன்னு மறுபடி மறுபடி ஊத்துனேன், களியாப் போச்சு. முட்டைக்களி! நாய் மோந்து பாத்துட்டுப் போயிட்டு.”

“எந்த மாவு மதினி போட்டீங்க?”

“சோளமாவுதான். நம்ம காட்டுச் சோளத்த மில்லுல குடுத்து நைசா அரைச்சு வாங்கியாந்தேன். ரெண்டு சீட்டுலயும் சோளமாவுன்னுதான போட்டிருக்க, மூணு கிலோவா அரைச்சேன்.”

அப்போதுதான் விளங்கியது. ரூத்தின் மஞ்சள் மாவு மக்காச்சோளத்தை உடைத்தது. லின்னின் வெள்ளை மாவு அதே மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்த கஞ்சிப்பசை. கடைப் பொட்டலத்தில் சோளமாவு என்று போட்டிருப்பார்கள். இரண்டுக்கும் நான் ஒரே சொல்லை எழுதியிருக்கிறேன். கரிசல்காட்டில் அந்தச் சொல்லுக்கு இந்த இரண்டும் பொருள் இல்லை. சோளம் என்றால் வெள்ளைச்சோளம். அப்பா ஆட்டுக்குத் தீவனத் தட்டைக்காக வருடா வருடம் விதைத்து, அண்ணன் இன்றைக்கும் விதைப்பது. மருந்தகத்தில் பெயர் ஒத்த இரண்டு மருந்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க மாட்டோம். தனித்தனி அலமாரி, தனித்தனி நிறச்சீட்டு. நோயாளிகளின் உயிர் அதில் இருக்கிறது. என் பிள்ளைக்கு எழுதிய சீட்டில் அதைக் கோட்டை விட்டேன். அதைவிட, எழுதியபோது சோளம் என்ற சொல் ஊரில் எதைக் குறிக்கும் என்பது என் நினைவுக்கே வரவில்லை.

“அது மக்காச்சோளம் மதினி...”

“மக்காச்சோளமா? அது கோழித் தீவனம்லா!” பின்னாலிருந்து அண்ணன் குரல் கேட்டது: “அமெரிக்காவுலேருந்து இதுவரைக்கும் மக்காச்சோளத்துக்குப் படைப்புழுதான் வந்துச்சுன்னு சொல்லு. இப்பந்தான் உருப்படியா ஒண்ணு வந்திருக்கு.”

“பிள்ள பட்டினியா கிடக்காளா?” என்றேன்.

“அத ஏன் கேக்க. களியப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சா. பொறவு எந்திரிச்சு வந்து, அத்தை தள்ளுங்கன்னுட்டு, மாவே இல்லாம அவளே ஒரு முட்டை கிண்டுனா பாரு. முட்டையில சீனி போடுதா! சீனாக்காரி சொல்லிக்குடுத்ததுன்னா. அதுக்குத்தான் சீனின்னு பேரு போலன்னு ஒங்க அண்ணன் சொல்லுதாவ. நல்லாத்தான் இருந்துச்சு. ஏட்டி, பிள்ளைக்கு இம்புட்டு கைப்பக்குவம் இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னியா?”

எனக்கே அது தெரியாது. “ம்” என்றேன்.

“ஒண்ணுதான் பிடிக்கல. சோறு வச்சா நன்றிங்கா. தண்ணி குடுத்தா நன்றிங்கா. நான் என்ன ஓட்டலா வச்சிருக்கேன்?”

6

படையலன்று அண்ணன் கைப்பேசியைப் பிடித்திருந்தார். அப்பா படத்துக்கு மாலை. முன்னால் தலைவாழை இலை. ஆட்டுக்கறிக் குழம்பு, அவித்த முட்டை, கம்பஞ்சோறு, கருப்பட்டி போட்ட சேவு, அப்பா கடைசிவரை விடாத வெற்றிலை, புகையிலை. வலது ஓரத்தில் ஒரு வெற்றிடம். அதுதான் என் இடம்.

அங்கே பாயசக் கிண்ணம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அனு அடுக்களையிலிருந்து ஒரு இரும்புச் சட்டியைத் துணியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். மதினியின் சேலையைக் கட்டியிருந்தாள், தாறுமாறாக. சட்டியை இலைப்பக்கம் கவிழ்த்துத் தட்டினாள். வட்டமாக, ஓரம் சிவந்து, நடுவில் ஒரு விரிசலோடு ஒரு ரொட்டி விழுந்தது. அதில் ஒரு துண்டைப் பிட்டு அந்த வெற்றிடத்தில் வைத்தாள்.

“அனு, பாயசம் எங்கே?” என்று கைப்பேசியில் கேட்டேன். அந்தச் சந்தடியிலும் அவளுக்குக் கேட்டுவிட்டது.

“அம்மா, அத்தை சொன்னாங்க, வழக்கமா நம்ம வீட்டுல செய்றது வைக்கணும்னு. வழக்கமான்னா யூஷுவலி தானே?”

“ஆமா.”

“பாயசம் வழக்கமா இல்லையேம்மா. அது ஒரு நாள்தான் செஞ்சோம்.”

அவள் குத்திக் காட்டவில்லை. அவள் முகம் எனக்குத் தெரியும். அவளுக்கு அது தமிழ்ச் சொல்லின் பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டோமா என்ற கவலை மட்டும்தான். தாத்தா விஷயத்தில் பொய் வைக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். என்னிடம் கற்றதுதான் அந்தக் கறார்.

“மாவு அத்தை அரைச்சதுதான். மஞ்சள் மாவு இங்க கிடைக்கல. வெள்ளைச்சோளத்துல ட்ரை பண்ணேன். மூணு தடவை உடைஞ்சு போச்சு. இது நாலாவது. மேல மூடி போட்டு மூடிமேல கங்கு வச்சாங்க அத்தை.”

அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, நாற்காலியில் இருந்தவர், எட்டிப் பார்த்தார். காது கேட்பது குறைவு. அதனால் குரல் பெரிது.

“ஏ பேச்சி, இது என்னம்மா பண்டம்? ரொட்டியா? அண்ணன் இலையில ரொட்டியையா வைப்பாவ? ஆசுபத்திரி ரொட்டி மாதிரில்லா இருக்கு!”

ரெண்டு பேர் சிரித்தார்கள். அனு சிரிக்கவில்லை. அவள் கை ரொட்டித் துண்டின் மேலேயே இருந்தது. எடுத்துவிடுவதா வைத்துவிடுவதா என்று என்னைப் பார்த்தாள், திரையில். நான் சொல்ல வேண்டும். இது பக்கத்து வீட்டு ரூத் செய்வது, என் கைப்பண்டம் இல்லை, எடுத்துவிடு என்று சொல்வதுதான் சரி. அல்லது இது என் பண்டம் என்று பொய் சொல்ல வேண்டும்.

மதினி முந்திக்கொண்டாள்.

“சின்ன மாமா, இது முத்து வீட்டுப் பலகாரம். பிள்ளைக்கு நாலு வயசுலேருந்து அவ வீட்டுல இதுதான். நம்ம காட்டுச் சோளம், ஒங்க அண்ணன் பெரட்டுன மண்ணு. அவிய திம்பாவ. நீரு சும்மா இரும்.”

சூடத்தைக் கொளுத்தினாள். எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் சாப்பாட்டு மேசைமுன் எழுந்து நின்று கும்பிட்டேன். பிறகு இலையிலிருந்து எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக் காக்கைக்கு மாடிச்சுவரில் வைக்க அனு போனாள். அண்ணன் பின்னாலேயே கைப்பேசியோடு போனார். இரண்டு காகங்கள் வந்தன. ஒன்று கறியை எடுத்தது. இன்னொன்று ரொட்டியைக் கொத்தி, ஒதுக்கி, திரும்ப வந்து முழுசாகத் தூக்கிக்கொண்டு பறந்தது. “மாமா! தாத்தா எடுத்துட்டார்!” என்று அனு கத்தினாள். அந்த வாக்கியத்தில் ஒரு பிழைகூட இல்லை.

பந்தி முடிந்து அடுக்களையில் ஓய்ந்த பிறகு மதினி தனியாகக் கைப்பேசியை வாங்கிக்கொண்டாள்.

“மதினி, அது ரூத் வீட்டு...”

“தெரியும். பிள்ள அன்னைக்கே சொல்லிட்டா. ஒங்கம்மா செய்யுறதுல ஒனக்கு எது பிடிக்கும்னு கேட்டேன். அம்மா சமையல் நல்லா இருக்கும் அத்தை, ஆனா அத எப்பவும் நான் தனியா இருந்துதான் சாப்பிடணும்னு சொன்னா. சபையில போயி அதச் சொல்லவா முடியும்? போன வைட்டி. பாத்திரம் கிடக்கு.”

7

மறுநாள் ஞாயிறு. எழுந்ததும் குழாயைத் திறக்கப் போகவில்லை. உறைபெட்டியைத் திறந்தேன். அனு கிளம்புமுன் சாப்பிடாமல் விட்ட டப்பா ஒன்று அடியில் இருந்தது. ‘செவ்வாய், சாம்பார் சாதம்’ என்று என் கையெழுத்து. எத்தனையோ வருடமாக ஒட்டிவரும் அந்தச் சீட்டுள்ள டப்பாவில் ஒன்றைக்கூட நான் சாப்பிட்டதில்லை. சூடாக்கும் பெட்டியில், மூடியில் நான் எழுதியிருந்தபடியே இரண்டு நிமிடம் வைத்தேன். தட்டில் மாற்றாமல், அடுக்களை மேடையருகே நின்றபடி, ஸ்பூனால் சாப்பிட்டேன். உப்பு, புளி, காரம் மூன்றும் அளவாக இருந்தன. ஓரமெல்லாம் வாய் வைக்க முடியாத சூடு. நடுவில் மட்டும் இன்னும் பனிக்கட்டியாக இருந்தது.